பிணையாளின் ஆயுள்

தூதரகத்துக் கடிதம் தமிழிலேயே வந்திருந்தது. ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆவுடையப்பன் அதை அப்படியே மகளிடம் நீட்டி, "என்னட்டி எழுதியிருக்கான், வாசிச்சுச் சொல்லு" என்று கேட்டிருப்பார். நடந்ததெல்லாம் நடக்காமல் போயிருக்கும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் கிரேன் ஓட்டுநர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, குனிந்து பார்த்தே கழுத்து வலி வந்தவர். இப்போது கிரேன்கள் கடலோரத்தில் தனியாக நிற்கின்றன. ஓட்டுகிறவர்கள் குளிரூட்டிய அறைக்குள் வரிசையாக உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கிறார்கள். அந்த அறையில், காலைத் தேநீர் நேரத்தில், போனில் கடிதம் வந்தது.

"விண்ணப்பதாரர்: ஆ. உலகம்மை. தாய்நாட்டுப் பிணையாள்: தந்தை. தாங்கள் பிணையாளாக ஏற்கப்படவில்லை. காரணம்: படிப்புக் காலம் 48 மாதங்கள். பிணையாளின் மதிப்பிடப்பட்ட மீதி ஆயுள் 19 மாதங்கள். வேறொரு பிணையாளுடன் நாற்பது நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம்."

இரண்டாம் தடவை வாசித்தபோது பத்தொன்பது என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். மேற்பார்வையாளரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராக விக்டோரியா சாலையிலிருந்த விசா ஆலோசனை அலுவலகத்துக்குப் போனார்.

ஜெமீலா அங்கே ஆறு வருடமாக வேலை செய்கிற பெண். உலகம்மையின் விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவள். கடிதத்தை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"உக்காருங்க, அண்ணாச்சி."

"இது என்னம்மா, ஜோசியமா?"

"ஜோசியம் இல்ல. உலகம்மை போகப்போற வடக்குக் கூட்டமைப்பு நாடுகள்ல மூணு வருஷமா இந்தச் சட்டம் இருக்கு. படிக்க வர்ற பிள்ளைக்கு ஊர்ல ஒரு ஆள் இருக்கணும். படிப்பு முடிஞ்சதும் அந்த ஆளப் பாக்கத் திரும்பிப் போவாங்கன்னு அவங்களுக்கு நிச்சயம் வேணும். முன்னாடியெல்லாம் நெறையப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா நடுவுல தவறிப் போயி, இனி யாருக்காகப் போகன்னு அங்கேயே தங்கிட்டாங்க. அதான் இப்ப ஸ்பான்சரோட ஆயுளையும் பாக்கறாங்க."

"எப்படிப் பாத்தான்? ஒரு ஊசி கூடப் போடலியே."

"போன மாசம் இருவது நிமிஷம் கேமரா முன்னாடி பேசுனீங்கல்ல? ஏணிப்படி ஏறி எறங்கச் சொன்னாங்கல்ல? ஆஸ்பத்திரி ரெக்கார்டு, தூக்கம், நடை, மூச்சு, குரல், எல்லாத்தையும் சேத்து, உங்கள மாதிரியே இருந்த லட்சக்கணக்கான ஆளுங்களோட வச்சுப் பாக்கும். அதுல வர்ற எண்ணுதான் இது."

"சரியா இருக்குமா?"

ஜெமீலா கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "பத்துல ஒம்பது சரியா இருக்கும்னு சொல்லுவாங்க" என்றாள்.

"எம்பொண்ணுக்கும் இது போயிருக்குமா?"

"ஸ்பான்சர மாத்தணும்னு மட்டும் போகும். காரணம் உங்களுக்கு மட்டுந்தான்."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்து அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனார். இரத்தம், நெஞ்சுப் படம், வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். டாக்டர் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, "எனக்குத் தெரிஞ்சு உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதப் பொய்னு சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல" என்றார். "ஒண்ணுமே இல்லன்னு நான் அனுப்பின ரெண்டு பேரு, இது சொன்ன மாசத்துலயே போயிட்டாங்க. ஏன்னு அதுக்கும் சொல்லத் தெரியல, எனக்கும் தெரியல."

வெளியே வந்து ஆவுடையப்பன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். தான் சாகப்போவதைப் பற்றி அவர் அப்போது அதிகம் யோசிக்கவில்லை. மகளைப் பற்றித்தான் யோசித்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி சண்முகவடிவு எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தாள். அந்த எட்டு மாதமும் மகள் உலகு கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவைத் திருப்பிப் போடுவதும், முதுகுப் புண்ணைத் துடைப்பதும், வலி தாங்காமல் அவள் முனகும்போது வாயருகே காதை வைத்துக் கேட்பதுமாக இருந்தாள். இருபது வயதில் அவள் முன்தலையில் நரை விழுந்தது. அதன்பிறகு விட்ட இடத்திலிருந்து படித்து, உவர் மண்ணில் நெல் விளைவிக்கும் ஆராய்ச்சிக்கு வடக்குக் கூட்டமைப்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தாள். இந்தப் பத்தொன்பது மாதத்தைக் கேள்விப்பட்டால் அவள் போகமாட்டாள். பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். மறுபடியும் ஒரு படுக்கை.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறினார். சண்முகவடிவின் அக்காள் கோமதி அங்கே பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவில் எல்லாருக்கும் கோமதி டீச்சர்.

டீச்சர் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதார். பிறகு, "நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கு என்ன ஆயுசு சொல்லுவானோ, அதையும் பாத்துருவோம். ஆனா தம்பி, பிள்ளைகிட்ட மறைக்கக்கூடாது" என்றார்.

"மதினி, நீங்கதான பாத்தீங்க, வடிவு கெடந்தப்ப அவ எப்படி ஆனான்னு. இன்னொரு தடவ அவளால முடியாது."

"பெறகு என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"அவளாப் போவா. என்கூட இருக்கப் பிடிக்காமப் போவா. நீங்க எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

வீட்டில் உலகு சமைத்து வைத்திருந்தாள். வேலை நாளில் எப்போதும் ரசமும் துவையலும்தான். அன்று சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள்.

"தூதரகத்துலேர்ந்து ஏதும் வந்துச்சாட்டி?"

"இன்னும் ஒண்ணும் வரலப்பா" என்றாள், அவர் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தபடி.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். வாயில் வர மறுத்த சொற்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"வராது. நான் ஸ்பான்சர் கையெழுத்த வாபஸ் வாங்கிட்டேன்."

உலகு சோற்றுப் பானையை மூடிக்கொண்டிருந்தாள். மூடியைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

"ஏம்ப்பா?"

"ஏன்னா? ஒங்கம்மாவும் போயிட்டா. நீயும் போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா? படிச்சது போதும். வீட்ல கெட."

அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே நடந்தது. அவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று பேசியவள் அன்று, "நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டாள். "அம்மா செத்தது ஒன்னாலதான். மொதல்லேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பா" என்றாள். அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு, பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் வாரைப் போட முடியாமல் இரண்டு மூன்று முறை தடுமாறியதைப் பார்த்தார். கோபத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்தார்.

கோமதி டீச்சருக்கு மீதி ஆயுள் இருபத்திரண்டு வருடம் என்று வந்தது. ஆவணி மாதம் உலகு விமானம் ஏறினாள். அந்த நேரத்தில் ஆவுடையப்பன் திரையைப் பார்த்து ஒரு கப்பலிலிருந்து நூற்று நாற்பது கன்டெய்னர்களை இறக்கினார். ஒன்றுகூட இடறவில்லை.

அதன்பின் மகள் அவரோடு பேசவில்லை. அவளைப் பற்றிய செய்தியெல்லாம் டீச்சர் வழியாக வந்தது. அங்கே பனி முழங்கால் வரைக்கும் விழுகிறதாம். கண்ணாடி வீட்டுக்குள் நாற்று நட்டிருக்கிறாளாம். எலின் என்று ஒரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாளாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லாருக்காள்லா, அது போதும்" என்பார்.

போகப்போகிற ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். வேலையை விட்டார். வடிவின் சேலைகளை அவள் தங்கச்சி முறைக்காரிகளுக்குக் கொடுத்தார். வீட்டை மகள் பெயருக்கு மாற்றி எழுதினார். இடது கண்ணில் புரை விழுந்து, கண் டாக்டர் அறுவை செய்யலாம் என்றபோது, "இருக்கிறத வச்சுப் பாத்துக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டார். செருப்பு அறுந்தபோது தைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இவரிடம் ஒட்டிக்கொள்ள வந்தபோது, மெல்ல விலகி உள்ளே போனார். இன்னொரு ஆளையும் பழக்கிவிட்டு எதற்குப் போக வேண்டும் என்று.

பத்தொன்பதாம் மாதம், மார்கழிக் கடைசியில் வந்தது. வீட்டைக் கழுவிவிட்டார். தகவல் சொல்லவேண்டியவர்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கதவை உடைக்கிற சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று தாழ்ப்பாள் போடாமல் படுத்தார். காலையில் பால்காரர் மணியடித்தார். எழுந்து போய்ப் பால் வாங்கினார்.

அடுத்த நாளும் பால் வாங்கினார். நாலாம் நாள் பொங்கல். அன்று மனசு தாங்காமல், கடைசியாக ஒரு தடவை என்று மகளின் எண்ணுக்குக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

பிறகு மாசி வந்தது, பங்குனி வந்தது, சித்திரை வெயில் வந்தது. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆடிக்காற்றில் தெருவே இருமியபோதும் அவர் நன்றாக இருந்தார். முதலில் பயமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. யாரையோ ஏமாற்றிவிட்டது போல, சொன்ன வார்த்தையை மீறிவிட்டது போல. மறுபடி ஒரு பொங்கலும் போன பிறகு, ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெமீலாவிடம் போனார்.

ஜெமீலா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணாச்சி! நீங்க…"

"சாகலம்மா. அதக் கேக்கத்தான் வந்தேன். எண்ணுல எங்கயாவது தப்பு இருக்குமா?"

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "தப்பு இல்ல அண்ணாச்சி. பத்துல ஒம்பது சரின்னு சொன்னேன்ல? நீங்க அந்தப் பத்தாவது ஆளு."

பத்தாவது ஆள் ஒருவன் இருப்பான் என்று அவருக்கு இரண்டரை வருடமாகத் தோன்றவே இல்லை.

ஜெமீலா பழைய கோப்பைத் திரையில் திறந்தாள். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது. "அண்ணாச்சி, அன்னைக்கு உங்ககிட்ட நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அப்ப எனக்கே தெரியாது. இருவத்தோரு வயசு தாண்டின பிள்ளைங்க கேட்டா, காரணத்தையும் காட்டிருவாங்க. இதப் பாருங்க. உங்களுக்கு வந்த லெட்டர நீங்க தொறந்தது பத்து இருவதுக்கு. உலகம்மை ஒம்பது அம்பதுக்கே காரணத்தக் கேட்டுத் தொறந்திருக்கா."

அவர் திரையருகே குனிந்து, நல்ல கண்ணால் அந்த நேரத்தைப் பார்த்தார்.

"அப்ப அவளுக்கு…"

"தெரியும் அண்ணாச்சி. உங்களுக்கு முன்னாடியே."

தெருவில் இறங்கியபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்குத் தெரியும்! அன்று மீன் குழம்பு வைத்தபோதே தெரியும். "நீயெல்லாம் ஒரு அப்பனா" என்று கேட்டது நடிப்பு. இவர் நடித்ததைக் கண்டுகொண்டு, இவருக்காக அவளும் நடித்திருக்கிறாள். மகள் தன்னை வெறுக்கவில்லை. இரண்டரை வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டது போல இருந்தது. தன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்கமாட்டாள் என்று கோவில்பட்டிப் பேருந்தில் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "எம்மக வெளிநாட்டுல படிக்கா" என்று சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

கோமதி டீச்சர் கதவைத் திறந்ததும் கேட்டார்: "மதினி, உங்களுக்கும் தெரியுமா?"

டீச்சருக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "இங்க வந்த அன்னைக்கே சொல்லிட்டா. சொல்லிட்டு என் கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினா. நீங்களும் வாங்குனீங்க. நான் யாருக்கு உண்மையா இருக்க, தம்பி?"

"போனக் குடுங்க மதினி."

அங்கே அப்போது நடுப்பகல். இரண்டாம் மணியிலேயே உலகு எடுத்தாள். "சொல்லுங்க பெரியம்மா."

"நான் அப்பாட்டி."

அந்தப் பக்கம் யாரோ நடந்துபோகிற ஓசையும், ஒரு கதவு மூடுவதும் கேட்டது.

"உலகு, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுட்டி. ஜெமீலா காட்டினா. நீ என்மேல கோவத்துல போகலல்லா? நானும் மனசார அப்படிச் சொல்லலட்டி. நீ போகணும்னுதான்…"

"தெரியும்ப்பா."

"நான் நல்லாருக்கேன். எண்ணு தப்பாப் போச்சு. பத்துல ஒருத்தருக்குத் தப்புமாம். நான் அந்த ஆளாம்!" அவர் சிரித்தார். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார்.

"அப்பா" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. "நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க. பேசுனீங்கன்னா என்னால சொல்ல முடியாது."

"சொல்லு."

"ஒங்களுக்காக மட்டும் நான் இங்க வரல. அம்மாவப் பாத்த மாதிரி இன்னொரு தடவ பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் நீங்க சண்ட போட்டதும் புடிச்சுக்கிட்டேன். ஓடி வந்துட்டேன். இங்க வந்து, ஒவ்வொரு தடவ பெரியம்மா கூப்பிடுறப்பவும், இதுதான் இதுதான்னு நெனச்சே எடுப்பேன். பத்தொம்பது மாசம் அப்படி. தெனம் அழுவேன். எலினுக்கே நான் அழுறது பழகிப் போச்சு. கடைசியா அந்தத் தேதி வந்துச்சு. போன் வரல. அன்னைக்கு நான் என்ன நெனச்சேன் தெரியுமாப்பா? வந்துரணும்னு நெனச்சேன். முடிஞ்சிரணும்னு."

டீச்சர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

"மறுநாள் இங்க ஏரிக்குப் போனேன். ஐஸ வெட்டிக் குளிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. அதுல எறங்கி ஒங்களுக்குத் தல முழுகிட்டேன். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்புறம் ரெண்டு மூணு நாள்ல, பொங்கலுக்கு, ஸ்கிரீன்ல ஒங்க பேரு வந்துச்சு. சந்தோஷமா இல்லப்பா. பயமா இருந்துச்சு. பெரியம்மா நீங்க நல்லாருக்கதாச் சொல்லும்போதெல்லாம் வேற யாரையோ சொல்லுத மாதிரி இருக்கு. நான் அழுது முடிச்சிட்டேன்ப்பா. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல."

அவள் காத்திருப்பது தெரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அந்த ஐஸ் தண்ணியில முழுகி, சளி புடிக்கலியாட்டி?"

மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் வந்தது. "பத்து நாளு காய்ச்சல்ல கெடந்தேன்."

"யாரு பாத்துக்கிட்டா?"

"எலின் கஞ்சி மாதிரி ஒண்ணு வச்சுக் குடுத்தா. உப்பே இல்ல."

"நல்ல பிள்ள" என்றார்.

பிறகு அவள் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இன்னொண்ணும் இருக்கு. இங்கயே தங்கி வேல பாக்க அனுமதி கேட்டிருக்கேன். நெல்லு வெளைய ஆரம்பிச்சிருக்கு, என்னை விடமாட்டேங்காங்க. ஆனா தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாதவங்களுக்குத்தான் அந்த அனுமதி குடுப்பாங்க. திரும்பிப் போக வீடு இல்லாதவங்கன்னு கணக்கு. விண்ணப்பத்தத் தொறந்தா, அவங்களே நெரப்பி வச்சிருந்தாங்க. தாய் இல்லை. தந்தை இல்லை, மதிப்பீட்டின்படின்னு. அந்த மாசம் தாண்டி ஆறு மாசம் ஒங்களப் பத்திப் புதுசா ஒண்ணும் பதிவாகலைன்னா, அதுவா அப்படி மாறிருமாம். நான் ஒண்ணும் எழுதல. திருத்தணுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

ஆவுடையப்பன் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மாத்தணுமாப்பா? சொல்லுங்க, இன்னைக்கே மாத்திருதேன். மாத்தினா படிப்பு முடிஞ்ச முப்பது நாள்ல கெளம்பி வந்திரணும். பொய் சொன்னதுக்கு மறுபடி உள்ள விடமாட்டாங்க. பரவால்ல. நீங்க சொன்னா வந்துருதேன்."

அவள் உண்மையாகவே வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. வந்து, இந்த வீட்டில், எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தோன்றாத முகத்தோடு அவருக்குச் சோறு போடுவாள். பிறகு ஒருநாள் அவர் மெய்யாகவே படுக்கும்போது, முதலிலிருந்து தொடங்குவாள்.

"வேண்டாம்" என்றார்.

"அப்பா…"

"இருக்கட்டும்ட்டி. நீ அமுக்கினது அமுக்கினதாவே இருக்கட்டும். நான் இங்க எங்கயும் போயிரல."

அப்போதுதான் அவள் அழுதாள். இரண்டரை வருடத்துக்கு முந்திய உலகு போலக் கேவிக் கேவி அழவில்லை. எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடந்ததைக் கேட்டு அழுவது போல, சிறிதாக அழுதாள்.

அனுமதி கேட்டிருக்கிறவர்களின் போன் அழைப்புகளை ஒரு வருடம் பார்ப்பார்களாம். இறந்தவரின் எண்ணிலிருந்து அழைப்பு போகக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவுடையப்பன் கோவில்பட்டிக்குப் போனார். டீச்சர் போனை மேசைமேல் சாய்த்து வைத்துப் பேசுவார். இவர் படத்தில் விழாதபடி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் சில வாரங்கள் உலகு அவர் பக்கம் பேச்சைத் திருப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், "அங்க இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று பொதுவாகக் கேட்டாள். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. "கத்திரிக்கா புளிக்குழம்பு" என்று ஓரத்திலிருந்து இவர் சொன்னார். "ம்" என்றாள். அடுத்த வாரமும் அதையே கேட்டாள். வாரத்துக்கு ஒரு குழம்பு என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இரண்டு பேருந்து மாறி வந்தார்.

அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை உலகு சிரித்த முகமாக இருந்தாள். கண்ணாடி வீட்டில் அறுத்த முதல் கதிர்களைத் தூக்கிக் காட்டினாள். ஆவுடையப்பன் தன்னை மறந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்துவிட்டார். நெல்மணியைப் பார்க்கக் குனிந்தபோது அவர் முகம் முழுசாகத் திரையில் விழுந்தது.

உலகுவின் தோளுக்குப் பின்னாலிருந்து பொன்னிறத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. எலின். அவரைச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். உலகுவின் சிரிப்பு நின்றது. கணநேரம்தான். பிறகு ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள்.

கோமதி டீச்சரின் முகம் வாடியது.

"என்ன சொல்லுதா, மதினி?" என்று மெதுவாகக் கேட்டார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நீங்க யாருன்னு அந்தப் பிள்ள கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரர்ன்னு சொல்லுதா."

திரையில் உலகு அசையாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொடுத்த பிள்ளை அவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றது.

ஆவுடையப்பன் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வணக்கம்மா" என்றார். "ஆமா, நான் பக்கத்து வீடுதான்."